ஆண் பன்றிக்கு ஹார்மோன் தடை ஊசி: போடும் முறையும், விதையில் அதன் விளைவைச் சரிபார்க்கும் முறையும்

கத்தி வைத்துக் காயடிப்பதற்கு மாற்றாக வந்த ஊசி இது. ஆஸ்திரேலியாவில் 1998-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-லும் அமெரிக்கா 2011-லும் அனுமதி கொடுத்தன. பல நாடுகளில் ‘இம்ப்ரோவாக்’ என்றும் அமெரிக்காவில் ‘இம்ப்ரோவெஸ்ட்’ என்றும் விற்கிறது. கழுத்தில் 2 மில்லி மருந்து ஏற்றுவது யாருக்கும் கைவந்துவிடும். வேலை கெடுவது நாள் கணக்கிலும் தலைக் கணக்கிலும்தான். முதல் டோஸ் போட்டதுமே பன்றி காயடிபட்டுவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் டோஸில் கொட்டிலுக்கு ஒன்று விட்டுப்போனால் பரவாயில்லை என்று விடுபவர்களும் இருக்கிறார்கள். முதல் டோஸ் விதையை ஒன்றும் செய்யாது. காயடிப்பது இரண்டாம் டோஸ்தான். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

உடம்பில் நடப்பது

மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ், ஜி.என்.ஆர்.எஃப். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரக்கிறது. வெறும் 10 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிச் சங்கிலி அது. பக்கத்திலேயே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்தத் துடிப்பை வாங்கி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கிறது. எல்.எச். விதைக்குள் இருக்கும் லேடிக் செல்களைத் தூண்டும். அவை டெஸ்டோஸ்டிரோனையும், கறியில் கடா வாடை (ஆண் பன்றிக் கறிக்கே உரிய வீச்சம்) வரக் காரணமான ஆண்ட்ரோஸ்டினோனையும் சுரக்கும். எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்களைத் தூண்டும்; வளரும் விந்தணுக்களைத் தாங்கி ஊட்டுவது அந்தச் செல்கள்.

ஜி.என்.ஆர்.எஃப். மிகச் சிறியது, அதோடு பன்றியின் சொந்தச் சரக்கு. அதனால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைச் சட்டை செய்வதில்லை. இம்ப்ரோவாக்கில் அதைப் போன்றே செய்த ஒரு துண்டை டிப்தீரியா டாக்சாய்டு என்ற பெரிய புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். பெரிய புரதத்தை அந்நியன் என்று கண்டுகொள்ளும் உடம்பு, அதோடு ஒட்டியிருக்கும் துண்டுக்கும் சேர்த்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் பன்றியின் சொந்த ஜி.என்.ஆர்.எஃப்.பையும் பிடித்துவிடும், பிட்யூட்டரிக்குச் சேதி போய்ச் சேராது. ஊசிக்குள் ஹார்மோன் எதுவும் இல்லை, ஊசி மருந்துக்கு ஹார்மோன் வேலையும் கிடையாது. கறிக்கு விலக்குக் காலம் (மருந்தின் எச்சம் போகக் காத்திருக்க வேண்டிய நாள்) பூஜ்ஜியம் என்று லேபிளில் இருப்பது அதனால்தான்.

முதல் டோஸ் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஆளை அடையாளம் காட்டி வைப்பதோடு சரி. அப்போது வரும் எதிர்ப்பொருள் கொஞ்சம். சீக்கிரம் இறங்கியும் விடும். விதை வழக்கம்போல வளரும், பன்றி ஆண் பன்றியாகவே இருக்கும். இரண்டாம் டோஸ் விழுந்த ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பொருள் செங்குத்தாக ஏறுகிறது. எல்.எச். இறங்கும், அதன் பின்னாலேயே டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஒன்று இரண்டு வாரத்தில் ஏறுவதும் முட்டுவதும் அடங்கத் தொடங்கும்.

நாள் குறிப்பது

நாளை முன்னாலிருந்து எண்ணாதீர்கள். வெட்டுக்குப் போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐரோப்பிய லேபிள்படி முதல் டோஸ் 8 வார வயதுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம். இரண்டாம் டோஸ் அதிலிருந்து குறைந்தது 4 வாரம் கழித்து, வெட்டுக்கு 4 முதல் 6 வாரம் முன்னால். அமெரிக்க லேபிளில் முதல் டோஸ் 9 வாரத்துக்கு முன் கூடாது. இரண்டாம் டோஸுக்குப் பிறகு 3 வாரத்திலிருந்து 10 வாரத்துக்குள் வெட்டு. உங்கள் கையிலிருக்கும் குப்பியின் லேபிள் எதைச் சொல்கிறதோ அதுவே சட்டம்.

24-வது வாரம் வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் டோஸ் 18-க்கும் 20-க்கும் நடுவில். முதல் டோஸை 10-வது வாரத்தில் போட்டாலும் சரி, 14-ல் போட்டாலும் சரி. இடைவெளி 4 வாரத்துக்கு மேல் நீண்டால் கெடுதல் இல்லை, நினைவு அழியாது. 4 வாரத்துக்குள் சுருக்கினால்தான் சிக்கல்: முதல் டோஸின் நினைவு முற்றுமுன் இரண்டாவது விழுவதால் ஏற்றம் போதாமல் போகும்.

இரண்டாம் டோஸ் முடிந்த மறுநாளே வெட்டக் கூடாதா, டெஸ்டோஸ்டிரோன்தான் ஒரு வாரத்தில் விழுந்துவிடுகிறதே என்று கேட்கலாம். ஆண்ட்ரோஸ்டினோன் ரத்தத்தில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. அது கொழுப்பில் போய்ச் சேமித்துக்கொள்ளும். சுரப்பு நின்ற பிறகும் கொழுப்பிலிருந்து மெல்லத்தான் கரையும். அந்த 4 வாரம் அதற்கான காத்திருப்பு.

மறுமுனையில் 10 வாரம் என்ற வரம்பு இருக்கிறது. எதிர்ப்பொருள் தேயத் தேய ஜி.என்.ஆர்.எஃப். மறுபடி பிட்யூட்டரியைத் தொட ஆரம்பிக்கும். இரண்டாம் டோஸிலிருந்து 10 வாரத்துக்கு மேல் பன்றியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், வெட்டுக்கு 4 முதல் 6 வாரம் முன்னால் மூன்றாவது டோஸ் போட வேண்டும். ஒரே கொட்டிலை இரண்டு மூன்று தவணையாக விற்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். முதல் தவணை போகும் நாளுக்கு 4 வாரம் முன்னால் எல்லாவற்றுக்கும் இரண்டாம் டோஸ் போட்டுவிட்டால், கடைசித் தவணைக்கு இன்னும் 6 வார இடம் கிடைக்கும். அதற்குள் விற்று முடியாத மெலிந்த பன்றிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். சீக்கிரம் வேலை முடியட்டும் என்று 9-வது வாரமும் 13-வது வாரமும் இரண்டு டோஸையும் போட்டு 24-ல் வெட்டினால் 11 வாரம் ஆகிறது. மூன்றாவது டோஸ் தேவை.

பருவம் வருமுன் இரண்டு டோஸையும் முடித்துவிட்டால் விதை வளராமலே நின்றுவிடும். நாள் கழித்துப் போட்டால், வளர்ந்த விதை சுருங்க வேண்டியிருக்கும். சின்ன விதை வேண்டுமென்றால் முன்கூட்டிய முறை நல்லதுதான். ஆனால் ஆண் பன்றியாக இருக்கும் காலத்தில்தான் தீவனம் நன்றாகச் சதையாக மாறுகிறது. முன்கூட்டிப் போட்டால் அந்த லாபத்தையும் சேர்த்தே வெட்டிவிடுகிறீர்கள். கறிக்கு வளர்ப்பவர்களுக்குக் கழித்துப் போடுவதே பொருந்தும்.

குப்பியும் ஊசியும்

மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், வெளிச்சம் படாமல் வையுங்கள். உறைந்துபோன குப்பியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்; உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதை நம்ப முடியாது. குளிர்பெட்டியின் பின்சுவரோடு ஒட்டி வைத்த குப்பிதான் பெரும்பாலும் உறையும். வேறு எந்தத் தடுப்பூசியோடும் ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள். குப்பியைத் துளைத்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை லேபிளில் பார்த்து, துளைத்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள்.

இதற்கென்று வரும் பாதுகாப்பு ஊசித்துப்பாக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஊசி முனையை மூடும் உறையும், தோலில் அழுத்தினால் மட்டுமே விசை இறங்கும் பூட்டும் அதில் உண்டு. சாதாரண சிரிஞ்சு கூடவே கூடாது. காரணம் கீழே வருகிறது. வேலை தொடங்குமுன் அளவைச் சரிபாருங்கள். சுத்தமான நீரை ஏற்றி, அளவுக் குழாய்க்குள் 10 முறை அடித்தால் 20 மில்லி வர வேண்டும். 18 வந்தால் ஒவ்வொரு பன்றிக்கும் பத்தில் ஒரு பங்கு மருந்து குறைகிறது என்று அர்த்தம். வளையம் தேய்ந்திருக்கும் அல்லது குழாயில் காற்று இழுக்கும், சரிசெய்யாமல் தொடங்காதீர்கள். நீரை முழுக்க வெளியேற்றிவிட்டு மருந்தை ஏற்றி, காற்றுக் குமிழ் போகும்வரை தள்ளுங்கள்.

ஊசி உள்ளே போகும் ஆழம் 12 முதல் 15 மில்லிமீட்டர். 16 வாரத்துக்குக் குறைந்த பன்றிக்கும், வயதுக்கேற்ற உடம்பு இல்லாத பன்றிக்கும் 5 முதல் 9 மில்லிமீட்டர். இடம், காதுக்கு நேர் பின்னால், கழுத்தின் மேல்பகுதி. மருந்து தோலுக்கு அடியில் இருக்க வேண்டும், தசைக்குள் அல்ல. சின்னப் பன்றிக்கு நீள ஊசி போட்டால் தசையில் இறங்கிப் புண்ணாகும்; வெட்டும்போது கழுத்துக் கறியில் அந்த இடத்தை அறுத்து எறிய வேண்டிவரும்.

ஊசி முனை வளைந்தாலோ மழுங்கினாலோ மாற்றுங்கள். ஈரமும் சாணமும் அப்பிய தோலில் குத்தாதீர்கள், சீழ்க்கட்டி வரும்.

போடும் நாள்

இருவர் வேண்டும். ஒருவர் ஊசி, ஒருவர் அடையாள மை. பன்றிகளை நெருக்கமாக ஒரு மூலையில் பலகை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். ஓடும் பன்றியைத் துரத்திக் குத்தினால் பாதி மருந்து தோலுக்கு வெளியே வழியும். துப்பாக்கியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, உறை பின்வாங்கும்வரை அழுத்தி, விசையை முழுவதும் இழுத்து, ஒரு கணம் நிறுத்தி எடுங்கள். எடுத்த அடுத்த நொடியே மை. மை போடுபவர் தானாகப் போடக் கூடாது. ஊசிக்காரர் ‘ஆச்சு’ என்று குரல் கொடுத்த பிறகுதான். மருந்து தோலில் வழிந்ததைப் பார்த்தால், அல்லது முழு அளவு இறங்கவில்லை என்று சந்தேகம் வந்தால், அங்கேயே மறுபடி போட்டுவிடுங்கள். அதை லேபிளே சொல்கிறது.

கடைசியில் தலைக் கணக்கு. கொட்டிலில் 60 ஆண் பன்றிகள் என்றால் 120 மில்லி செலவாகியிருக்க வேண்டும். 110 மில்லிதான் செலவாகியிருக்கிறது என்றால் 5 பன்றிகள் ஊசி இல்லாமல் நிற்கின்றன, மை எத்தனை முதுகில் இருந்தாலும் சரி. குப்பிகள் 20, 100, 250 மில்லி அளவுகளில் வருவதால் இந்தக் கணக்கு சுலபம். கொட்டில் முடிந்ததும் கணக்குப் பாருங்கள். பண்ணை முழுவதும் முடிந்த பிறகு பார்த்தால் எந்தக் கொட்டிலில் விட்டது என்று தெரியாது.

காய்ச்சல், இருமல், பேதி உள்ள பன்றிக்குப் போடாதீர்கள். ஆரோக்கியமான பன்றிதான் நல்ல எதிர்ப்பொருள் தயாரிக்கும். அதைத் தனி நிறக் காதுவில்லை போட்டுக் குறித்து, தேறிய பிறகு போடுங்கள். அதன் நாள்கணக்கு இனித் தனி. கூட்டத்தோடு சேர்த்து வெட்டுக்கு அனுப்ப முடியாது. விட்டுப்போன பன்றிகளில் இந்த வகையே அதிகம், ஏனென்றால் தேறியபின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஊசி போட்ட இடம் வீங்கும். 8 சென்டிமீட்டர் வரைகூடப் போகும், பல வாரம் எடுத்துக் கரையும். முதல் 24 மணி நேரத்தில் உடல் சூடு அரை டிகிரி ஏறலாம். முதல் டோஸ் போட்ட உடனே அபூர்வமாகச் சில பன்றிகள் மூச்சுத் திணறி, எச்சில் ஒழுக, சுருண்டு விழுவதுண்டு. அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆகவே போட்டுவிட்டு உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ஊசி உங்கள் கையில் ஏறினால்

மருந்துக்கு இனம் தெரியாது. மனிதரின் ஜி.என்.ஆர்.எஃப்.பும் பன்றியினுடையதும் ஒரே அமைப்பு. தவறிக் குத்திக்கொண்டால் ஆணானாலும் பெண்ணானாலும் பாலியல் ஹார்மோன் தற்காலிகமாக இறங்கலாம், கருவைப் பாதிக்கலாம். முதல் முறை குத்துவதைவிட இரண்டாம் முறை குத்துவது ஆபத்து, பன்றிக்குச் சொன்ன அதே காரணத்தால். எனவே: கர்ப்பிணிகளோ கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்களோ இந்த வேலைக்கு வரக் கூடாது. குத்திவிட்டால் காயத்தை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, உடனே மருத்துவரிடம் மருந்தின் லேபிளோடு போக வேண்டும். ஒருமுறை குத்திக்கொண்டவர் இந்த மருந்தை இனி ஒருபோதும் கையில் எடுக்கக் கூடாது. இதை வேலையாட்கள் பட்டியலில் எழுதியே வையுங்கள். ஆறு மாதம் கழித்து வாய்வழித் தகவல் மறந்துபோகும்.

இரண்டு வாரத்தில் கொட்டிலைப் பார்ப்பது

இரண்டாம் டோஸ் போட்ட 10-வது நாளுக்கும் 14-வது நாளுக்கும் நடுவில் ஒரு நாள், தீவனம் போடுமுன் கொட்டிலுக்குள் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். வேலை செய்த கொட்டில் அமைதியாக இருக்கும், பன்றிகள் படுத்திருக்கும். அதில் ஒன்று மட்டும் மற்றதன் மேல் ஏறிக்கொண்டும், வாயில் நுரை தள்ளிக்கொண்டும், விலாவில் முட்டிக்கொண்டும் இருந்தால் அதுதான் விட்டுப்போனது. பின்னாலிருந்து விதைப்பையைப் பாருங்கள். ஊசி பலித்த பன்றியின் விதைப்பை தளர்ந்து, நிறம் மங்கித் தெரியும். பலிக்காததில் பை இறுகி, செக்கச்செவேலென்று பளபளக்கும். சந்தேகம் உள்ளதற்கு அப்போதே இன்னொரு டோஸ் போட்டு, அந்த நாளிலிருந்து மறுபடி 4 வாரம் எண்ணுங்கள். தேவையில்லாமல் ஒரு டோஸ் கூடுதலாகப் போனால் போவது மருந்துக் காசு மட்டும். வாடையோடு ஒரு பன்றி வெட்டுக்கூடத்துக்குப் போனால் கொட்டில் மொத்தத்தின் பெயரும் கெடும்.

விதை இறங்காத, ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட பன்றியையும் இந்த ஊசி அடக்கும். தடை பிட்யூட்டரிக்கு மேலே விழுவதால் விதை எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. குடலிறக்கம் உள்ளதற்கும் அப்படியே. கத்தி வைக்கப் பயப்படும் பன்றிகளுக்கு இது நல்ல வழி. ஆனால் விதைப்பையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நடத்தையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

விதையில் பார்க்க வேண்டியவை

ஊசி பலித்ததா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வெட்டுக்கூடத்தில் இனப்பெருக்க உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பிட அதே வயது, அதே இனத்தில் ஊசி போடாத ஆண் பன்றி ஒன்றிரண்டு வேண்டும். ஒப்பீடு இல்லாமல் எடையைப் பார்ப்பதில் பொருளில்லை, ஏனென்றால் விதை எடை பன்றிக்குப் பன்றி மிகவும் மாறும்.

எபிடிடிமிஸையும் (விதையோடு ஒட்டியிருக்கும், விந்தணு தங்கும் சுருள் குழாய்) உறைகளையும் நீக்கி இரண்டு விதைகளையும் சேர்த்து நிறுங்கள். இரண்டாம் டோஸ் முடிந்து 4 வாரத்துக்கு மேல் ஆன பன்றியில் எடை ஊசி போடாததில் சுமார் பாதிக்கு இறங்கியிருக்கும். முன்கூட்டிய முறையில் இன்னும் குறைவு. குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்சதையின் செம்மை வெளிறியிருக்கும். ஆனால் விதையை மட்டும் நம்பாதீர்கள். கழித்துப் போட்ட பன்றியில் விதை சுருங்க நேரம் போதாது. ஹார்மோன் அடங்கியும் எடை நடுத்தரமாக நிற்கும். அதைவிடத் துல்லியமான சாட்சி பல்போயூரித்ரல் சுரப்பிகள். இடுப்புக் குழிக்குள், சிறுநீர்க் குழாயின் இரு பக்கமும் நீளவாக்கில் படுத்திருக்கும் ஜோடி அவை. டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் அவற்றால் பருத்து நிற்க முடியாது. ஆண் பன்றியில் உருண்டு திரண்டு கெட்டியாக இருப்பவை, ஊசி பலித்ததில் மெலிந்து தளர்ந்திருக்கும். நீளம், எடை இரண்டையும் எழுதுங்கள். விந்துப் பைகளும் இதே வழியில் சுருங்கும்.

நுண்ணோக்கியில் பார்க்க வசதி இருந்தால், விதையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத துண்டுகளை அறுத்தவுடன் பூவான் திரவத்தில் (திசு கெடாமல் பதப்படுத்தும் ஆய்வகத் திரவம்) போடுங்கள். பார்மலினில் போட்டால் விதைக் குழல்கள் சுருங்கி உள்ளே வெற்றிடம் தெரியும். அதை ஊசியின் விளைவு என்று தவறாகப் படித்துவிடுவீர்கள். ஒரு நாள் ஊறியபின் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி, 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, ஹிமடாக்சிலின்–இயோசின் சாயம் ஏற்றுங்கள். வட்டமாக வெட்டுப்பட்ட குழல்களை மட்டும் அளக்க வேண்டும். சாய்வாக வெட்டுப்பட்ட குழல் நீள்வட்டமாகத் தெரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். முதிர்ந்த ஆண் பன்றியில் குழலின் விட்டம் சுமார் 200 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். ஊசி பலித்ததில் தெளிவாகக் குறையும். குழல்களுக்கு இடையே கொழுத்துக் கிடக்கும் லேடிக் செல்கள் சுருங்கி, உட்கரு மட்டும் கறுத்துத் தெரியும். குழலுக்குள் விந்தணு வரிசைகள் மெலிந்து, நீண்ட வால் நிலையில் உள்ளவை முதலில் காணாமல் போகும். சுவரை ஒட்டிய மூலச் செல்கள் மட்டும் அப்படியே இருக்கும். விளைவு மீளக்கூடியது என்பதற்குக் காரணம் அந்த மூலச் செல்கள்தான்.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதென்றால் ஒரே ஒரு மாதிரியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஆண் பன்றியில் அது துடிப்பாகச் சுரப்பதால், ஊசியே போடாத பன்றிகூட இரண்டு துடிப்புக்கு நடுவில் குறைந்த அளவு காட்டும். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில், இரண்டு மூன்று நாள் எடுத்துச் சேர்த்துப் பார்ப்பது மேல்.

விந்து: மலடு என்று எப்போது சொல்லலாம்

இங்கே அவசரம் ஆகாது. ஒரு விந்தணு விதைக்குள் உருவாகி முடிக்கச் சுமார் 40 நாள் பிடிக்கிறது. அதன்பின் எபிடிடிமிஸ் வழியாகப் பயணம் செய்ய ஏறக்குறைய 10 நாள். ஹார்மோன் ஒரு வாரத்தில் விழுந்தாலும், ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட விந்தணுக்களும் எபிடிடிமிஸின் வால்பகுதியில் தேங்கிக் கிடப்பவையும் உடனே மறையாது. அவற்றில் அசைவு குறையும், வால் சுருண்டவை, தலை திரிந்தவை கூடும். ஆனாலும் உயிருள்ளவை சில இருக்கும். ஏறும் ஆசை அடங்கிவிட்டதால் பெரும்பாலும் சேர்க்கை நடப்பதில்லை என்பது வேறு விஷயம். சினைக்கு வந்த இளம் பெண் பன்றிகளை, இரண்டாம் டோஸ் போட்டாயிற்று என்ற தைரியத்தில் இந்த ஆண்களோடு ஒரே கொட்டிலில் விடாதீர்கள். முதல் டோஸுக்கும் இரண்டாம் டோஸுக்கும் நடுவில் விடுவது இன்னும் மோசம். அப்போது அவை முழு ஆண்கள். ஐந்தாறு மாதப் பன்றியே சினைப்படுத்திவிடும்.

ஊசி போட்ட பன்றியிடம் விந்து எடுப்பது கடினம், விந்து எடுக்க வைக்கும் பொம்மையில் ஏறாது. அதனால் ஆய்வுக்கு வெட்டிய பின் எபிடிடிமிஸின் வால்பகுதியைக் கீறி, 37 டிகிரி சூட்டில் வைத்த விந்து நீர்ப்பியில் (விந்தை நீர்க்கச் செய்யும் கரைசல்) கழுவி எடுப்பார்கள். உயிரோடு எடுக்க முடிந்த சிலவற்றில் முதலில் கண்ணில் படுவது ஜெல் குறைவு: விந்தோடு வரும் ஜவ்வரிசி போன்ற கட்டிகள் பல்போயூரித்ரல் சுரப்பியின் சரக்கு என்பதால், சுரப்பி சுருங்கினால் அதுவும் போய்விடும்.

தீவனம்

இரண்டாம் டோஸ்வரை ஆண் பன்றிக்குரிய தீவனம் கொடுங்கள். லைசின் என்ற அமினோ அமிலத்தின் தேவை காயடித்ததைவிட அதிகம். இங்கே மிச்சம் பிடித்தால் இந்த முறையின் லாபமே போச்சு. இரண்டாம் டோஸுக்குப் பின் இரண்டாவது வாரத்திலிருந்து பசி தாறுமாறாக ஏறும், கொழுப்பு சேரத் தொடங்கும். அப்போது லைசின் அளவைப் படியாகக் குறைத்துக் கடைசிக்கட்டத் தீவனத்துக்கு மாற்றுங்கள். தொட்டி இடத்தையும் பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் சாப்பிட வருவதால் இடம் போதாத கொட்டிலில் மெலிந்தவை மேலும் மெலியும். வெட்டுக்குப் பின் உயிர் எடையில் கறி விகிதம் அறுத்துக் காயடித்ததைவிடச் சற்றுக் குறைவாக வரும்: விதை உடம்பிலேயே இருக்கிறது, குடலும் நிறைந்திருக்கிறது. வியாபாரியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வாடை வந்தால்

வாடைக்கு இரண்டு காரணம். ஆண்ட்ரோஸ்டினோன் விதையிலிருந்து வருவது. ஸ்கடோல் பெருங்குடலில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் பாக்டீரியாவால் சிதையும்போது வருவது. விதை ஹார்மோன்கள் கல்லீரலை ஸ்கடோலைச் சிதைக்க விடாமல் தடுக்கின்றன. ஊசி அந்தத் தடையை நீக்குவதால் ஸ்கடோலும் இறங்குகிறது. ஆனால் சாணத்தில் புரளும் பன்றி ஸ்கடோலைத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வாங்கிக்கொள்ளும். கடைசி வாரத்தில் கொட்டில் அழுக்காக இருந்தால் ஊசிமேல் பழி போடாதீர்கள். கொழுப்பில் ஒரு கிராமுக்கு ஆண்ட்ரோஸ்டினோன் 0.5 முதல் 1 மைக்ரோகிராம், ஸ்கடோல் 0.2 முதல் 0.25 மைக்ரோகிராம் என்பவை வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எல்லைகள்.

ஆய்வகம் இல்லாத இடத்தில் ஒரு துண்டுக் கொழுப்பைச் சூடாக்கி முகர்ந்து பார்க்கலாம். ஒருவரை மட்டும் முகரச் சொல்லாதீர்கள். ஆண்ட்ரோஸ்டினோன் வாடையே தெரியாத மூக்கு பலருக்கு உண்டு, அது பிறவியிலேயே அமைவது. தெரியும் என்று உறுதியான இருவராவது முகர வேண்டும்.

வாடை வந்த பன்றியின் பல்போயூரித்ரல் சுரப்பியைப் பாருங்கள். பெருத்திருந்தால் ஊசி விட்டுப்போனது, அல்லது 10 வாரம் தாண்டியது. சுருங்கியிருந்தும் வாடை என்றால், 4 வாரத்துக்கு முன்பே வெட்டினீர்களா என்று தேதியைப் பாருங்கள்; அதுவும் இல்லையென்றால் கொட்டிலின் சுத்தம்.

திரும்பி வருமா

வரும், ஆனால் எப்போது என்று எந்தப் பன்றிக்கும் உறுதி சொல்ல முடியாது. எதிர்ப்பொருள் தேய்ந்ததும் எல்.எச். ஏறி, லேடிக் செல்கள் பருத்து, பிறகு விந்தணு வரிசைகள் ஒவ்வொன்றாக நிரம்பும். 10 வாரத்திலேயே ஏற ஆரம்பிப்பவையும் உண்டு, அதற்குப் பல மாதம் கழித்தும் அடங்கியே கிடப்பவையும் உண்டு. அதனால் பொலிக்கு (இனப்பெருக்கத்துக்கு) வைக்க உத்தேசித்த ஆண் பன்றிக்கு இந்த ஊசியைப் போடவே கூடாது. நல்ல வளர்ச்சி காட்டிய ஒன்றைப் பிறகு பொலிக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உள்ள பண்ணைகளில், முதல் டோஸுக்கு முன்பே தேர்வை முடித்து, அந்தப் பன்றிகளை வேறு கொட்டிலுக்கு மாற்றி, காதில் வேறு நிற வில்லை போட்டுவிடுங்கள். முதல் டோஸ் மட்டும் விழுந்துவிட்ட பன்றி தவறிப் பொலிக்குத் தேர்வானால், இரண்டாவது விழாதவரை அதன் விதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நினைவு உடம்பில் இருக்கிறது. என்றைக்கோ ஒரு நாள் கை தவறி ஒரு டோஸ் போய்விட்டால் அன்றே அது இரண்டாம் டோஸ் ஆகிவிடும்.